பன்னிரண்டு விதைப் பாக்கெட்டும் ஓர் இலவசமும்: இரண்டு வருடம் வளர்த்துப் பார்த்தபின்

விதைக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பார்சல் வந்த அன்றே எழுதிவிடுகிறார்கள். 'பேக்கிங் அருமை, சீக்கிரம் வந்தது, ஐந்து நட்சத்திரம்.' அந்த நட்சத்திரங்களை எண்ணித்தான் நானும் வாங்கினேன். வாங்கியது 2023 ஆகஸ்டில், எழுதுவது 2025 ஜூனில். ஈராண்டுச் செடி என்று விற்றதை இரண்டு ஆண்டு பார்க்காமல் என்னத்தைச் சொல்வது?

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவன். வீடு வேளிமலை அடிவாரத்தில். ஐந்து சென்ட் விளை, ஒரு முற்றம், மேலே மட்டுப்பா. மொட்டை மாடியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். காலை ஒன்பதுக்குக் கடை திறந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் ஷட்டர் இறங்கும். செடிக்கு என்று கிடைப்பது விடியக்காலையில் ஒரு மணி நேரம். வருடாவருடம் விதை போட்டு, நாற்றுப் பிடுங்கி நட்டுக்கொண்டிருக்க முடியாது. ஒரு தடவை வைத்தால் நாலைந்து வருடம் நிற்கிற பூச்செடி வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 'ஒருமுறை விதையுங்கள், ஆண்டுதோறும் பூக்கும்' என்ற விளம்பரம் அந்த ஆசையை யாரோ ஒட்டுக்கேட்டு எழுதியதுபோலச் செல்போனில் வந்து நின்றது.

பன்னிரண்டு வகை, 649 ரூபாய், கூரியர் செலவு இல்லை. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. இதே பன்னிரண்டை, இதே படங்களோடு, வேறு நாலு பெயரில் பிறகு பார்த்துவிட்டேன். ஒருத்தரை மட்டும் பிடித்துத் திட்டி என்ன ஆகப்போகிறது. உள்ளே இருந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஈராண்டுச் செடிகள் நாலு: ஹாலிஹாக், ஃபாக்ஸ்குளோவ், ஸ்வீட் வில்லியம், கேன்டர்பரி பெல்ஸ். பல்லாண்டுச் செடிகள் எட்டு: டெல்ஃபினியம், லூபின், லாவெண்டர், கொலம்பைன், ஷாஸ்டா டெய்சி, ருட்பெக்கியா, கெயிலார்டியா, கோரியாப்சிஸ். கூடவே 'அன்பளிப்பு' என்று ஸ்டிக்கர் ஒட்டிய நித்தியகல்யாணி. இந்த அன்பளிப்பைப் பார்த்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். வேலியோரத்தில் தானாக முளைத்து நிற்கிறதைக் காசு கொடுக்காமல் கொடுக்கிறார்களாம்.

ஈராண்டுச் செடி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: முதல் வருடம் இலையும் வேரும் மட்டும் வைக்கும், ஒரு குளிர்காலத்தைத் தாண்டும், அடுத்த வருடம் தண்டு நீட்டிப் பூத்து, விதை கட்டி, செத்துப்போகும். கேரட்டும் முட்டைக்கோசும் இந்த ஜாதிதான். முதல் வருடத்திலேயே பிடுங்கிக் குழம்பில் போட்டுவிடுகிறோம் என்பதால் அதன் பூவை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. மேலே சொன்னதில் 'ஒரு குளிர்காலத்தைத் தாண்டும்' என்ற இடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் 649 ரூபாயில் பாதி அங்கேதான் போனது.

முதலில் பாக்கெட். பளபளவென்ற தாள், முன்னால் படம், உள்ளே சின்னப் பிளாஸ்டிக் உறை. பார்க்கக் கொள்ளாம், நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் திருப்பினால் பன்னிரண்டிலும் ஒரே வாசகம்: வெயில் படும் இடம், மிதமான தண்ணீர், 7 முதல் 14 நாளில் முளைக்கும். லாவெண்டருக்கும் அதுவே, ஃபாக்ஸ்குளோவுக்கும் அதுவே. தாவரவியல் பெயர் இல்லை, ரகத்தின் பெயர் இல்லை, லாட் நம்பர் இல்லை, தேதி இல்லை. எனக்கு இது தொழில் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாலும் கண் முதலில் பேட்ச் நம்பருக்கும் காலாவதித் தேதிக்கும்தான் போகும். என் மாமா கன்னிப்பூ சாகுபடிக்கு வாங்குகிற சான்று பெற்ற நெல் விதை மூட்டையில் ஒரு சீட்டு தைத்திருக்கும். முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், என்றைக்குச் சோதித்தது, எதுவரை செல்லும் எல்லாம் அதில் இருக்கும். நெல்லுக்கு 80 சதவீதத்துக்குக் குறைந்தால் சான்றே கிடையாது. கிலோ கணக்கில் வாங்குகிற நெல்லுக்கு இத்தனை விவரம், பத்து விதை ஐம்பது ரூபாய்க்கு விற்கிற பூவுக்கு ஒரு தேதிகூட இல்லை.

சரி, விதைத்த கதைக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதியில், அதாவது ஜூன் தொடக்கத்தில், ஆரம்பித்து ஆடி வரைக்கும் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. நடுவில் ஆவணி, புரட்டாசியில் ஒரு இடைவெளி கிடைக்கும். அதில்தான் போட்டேன். சட்டிக்குப் பதில் சிரட்டை, அதாவது கொட்டாங்கச்சி, அடியில் ஆணியால் மூன்று ஓட்டை. உள்ளே தென்னை நார்க்கழிவு. தேங்காய் ஊரில் இருந்துகொண்டு கோகோபீட் கட்டியைக் கடையில் காசு கொடுத்து வாங்குவது கேவலம்தான், ஆனாலும் 650 கிராம் கட்டி இரண்டு வாங்கினேன். அதை மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்தினேன். உப்பங்கழியில் கதம்பையை (தேங்காய் மட்டையை) ஊறவைத்து எடுத்த நாராக இருந்தால் கழிவில் உப்பு இருக்கும்; அலசாமல் போட்டால் முளை கருகும். இது பாக்கெட்டில் இல்லாத பாடம், எனக்கு முன்பே ஒரு தடவை தக்காளி நாற்றில் கிடைத்தது.

விதை எல்லாவற்றையும் வெள்ளைத் தாளில் கொட்டி எண்ணினேன். மாத்திரை எண்ணிப் பழகிய கை. ஹாலிஹாக் பத்து. தட்டையான பழுப்பு வட்டு, ஓரம் மட்டும் சொரசொரப்பு. லூபின் எட்டு, கொண்டைக்கடலையில் கால்வாசி அளவு. ருட்பெக்கியா முப்பத்திரண்டு, சீரகத்தை ஒடித்துப் போட்டதுபோல. ஃபாக்ஸ்குளோவை எண்ண முடியவில்லை. மூக்குப்பொடிதான். தும்மினால் அந்த வருடப் பூ போயிற்று. இந்தப் பொடி விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைப்பு. மேலே மண் போட்டு மூடக்கூடாது. நித்தியகல்யாணிக்கு நேர் எதிர், இருட்டு வேண்டும், மூடித்தான் ஆகவேண்டும். லூபின் தோல் கடினம், இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். லாவெண்டருக்கும் கொலம்பைனுக்கும் மூன்று நாலு வாரம் ஈரமான குளிர் காட்டினால் நல்லது. இத்தனையும் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. பாக்கெட்டை நம்பி எல்லாவற்றையும் ஒன்றுபோல் விதைக்கிறவர் பாதியை அங்கேயே இழந்திருப்பார்.

குளிர் காட்டும் வேலையில் ஒரு சின்னச் சபலம் வந்தது. என் கடையில் இன்சுலினும் தடுப்பூசியும் வைக்கிற ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள்ளேயே நிற்கும், தினமும் இரண்டு வேளை அளவெடுத்து நோட்டில் எழுதுகிறேன். விதைக்கு அதைவிட ஒசத்தியான இடம் ஏது. ஆனால் மருந்து ஃபிரிட்ஜில் வேறு எதையும் வைக்கக்கூடாது. ஆய்வாளர் வந்து 'இது என்ன டப்பா' என்றால் 'லாவெண்டர் சார்' என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆகவே வீட்டு ஃபிரிட்ஜில், தோசை மாவுக்கும் நெத்திலி டப்பாவுக்கும் நடுவில், ஈரத் துணியில் சுற்றிய இரண்டு பொட்டலம் ஒரு மாதம் இருந்தது. வீட்டுக்காரி அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

முளைப்பு எப்படி என்றால், நியாயமாகச் சொல்கிறேன், போலி விதை இல்லை. ருட்பெக்கியா முப்பத்திரண்டில் இருபத்திமூன்று. கெயிலார்டியா பாதிக்குமேல். கோரியாப்சிஸ் கீரைபோல் அடர்த்தியாக வந்தது. ஸ்வீட் வில்லியம் ஆறாம் நாளே தலை நீட்டியது. ஷாஸ்டா டெய்சி ஏறக்குறைய எல்லாமே. ஹாலிஹாக் ஏழு, லூபின் நாலு. ஃபாக்ஸ்குளோவ் இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் பச்சைப் பாசிபோல் படர்ந்திருந்தது. லாவெண்டர் குளிர் முடிந்து இரண்டே இரண்டு. கொலம்பைன் வரவேயில்லை. டெல்ஃபினியமும் பூஜ்யம். டெல்ஃபினியம் விதைக்குச் சூடு ஆகாது, சாதாரண அறை வெப்பத்திலேயே சீக்கிரம் உயிர் போய்விடும். குளிரில் வைத்து விற்க வேண்டிய சரக்கு. கூரியர் வண்டியில் நாலு நாள் வெந்து வந்தால் எங்கே முளைக்கும்? கேன்டர்பரி பெல்ஸ் முளைத்ததா, எறும்பு கொண்டுபோனதா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் பச்சையாக ஏதோ தெரிந்தது, மூன்றாம் நாள் சிரட்டை காலி.

அப்புறம் மழை. ஐப்பசியில் நாற்றின் கழுத்து அழுகிச் சாய்வது எங்கள் ஊரில் புதிதில்லை. காலையில் நிமிர்ந்து நிற்பது மாலையில் தண்டு நூலாகி மண்ணில் கிடக்கும். டிரைகோடெர்மா என்ற நல்ல பூஞ்சை கலந்த தண்ணீர் ஊற்றினேன், சிரட்டைகளைத் தகரக் கூரைக்கு அடியில் நகர்த்தினேன், நீர் ஊற்றுவதைக் குறைத்தேன். ஓரளவு நின்றது. ஆனால் 2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களில் ஊற்றிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி பட்ட பாட்டுக்கு முன்னால் என் சிரட்டை ஒரு விஷயமே இல்லை. மழை நின்றபோது லாவெண்டர் இரண்டும் கறுத்துப்போயிருந்தன, லூபின் நாலும் வேரழுகி விழுந்திருந்தன. லாவெண்டருக்குக் காற்றில் ஈரம் இருந்தாலே பிடிக்காது. கடலும் மலையும் இருபக்கமும் நின்று வியர்க்க வைக்கிற ஊரில் அது பிழைத்திருந்தால்தான் ஆச்சரியம்.

பிழைத்தவற்றைப் பற்றி இனிச் சந்தோஷமாகவே எழுதலாம். ருட்பெக்கியா ஜனவரி கடைசியில் மொட்டு விட்டது. மஞ்சள் இதழ், நடுவில் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு குமிழ். பூ பறிக்கப் பறிக்க வருகிறது, ஒரு பூ செடியிலேயே பத்து நாளுக்குமேல் வாடாமல் நிற்கிறது. தாய்ச்செடி ஆடி மழையில் போய்விட்டது. அது உதிர்த்த விதையில் வந்த கன்றுகள் அடுத்த ஓணத்துக்குச் சரியாகப் பூத்தன. 2024 செப்டம்பர் 15 திருவோணம். அத்தப்பூக் கோலத்துக்கு மகள் இதழ் பிய்த்த பிறகு தொட்டியில் காம்பு மட்டும்தான் மிச்சம். அந்த வாரம் தோவாளைப் பூச்சந்தையில் கேந்தி (செண்டுமல்லி) விற்ற விலையை நினைத்தால் 649 ரூபாயில் ஒரு பகுதி அன்றைக்கே திரும்பிவிட்டது என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

கெயிலார்டியா அதைவிட மானமுள்ள செடி. உரம் கேட்காது, அதிகத் தண்ணீர் கொடுத்தால்தான் கோபம். மணல், வெயில், உப்புக்காற்று எல்லாம் தாங்கும். குளச்சலில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற என் மச்சான் வீட்டுக்கு நாலு கன்று கொடுத்தேன். என் வீட்டில் இருப்பதைவிட அங்கே செழிப்பு. சிவப்பும் மஞ்சளும் வளையம் வளையமாக, யாரோ கோலப்பொடியைச் சுற்றி இழுத்ததுபோல. கோரியாப்சிஸ் பரவாயில்லை, அவ்வளவுதான்.

ஹாலிஹாக்கில் ஏழு கன்றில் மூன்று பெரிதாயின. இது ஈராண்டுச் செடி என்று விற்றாலும் சீக்கிரம் விதைத்தால் அதே பருவத்தில் பூத்துவிடும். வட இந்தியச் சமவெளியில் குளிர்காலப் பூவாக வருடாவருடம் விதைக்கிறார்கள். எனக்கு மாசி மாதம் பூத்தது. நெஞ்சு உயரத்துக்கு ஒற்றைத் தண்டு, கீழிருந்து மேலாகப் பூ, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். காற்றுக்குச் சாயாமல் கமுகு வாரி (பாக்குமரச் சட்டம்) நட்டுக் கட்டினேன். முதல் பூ விரிந்த காலையில் அம்மா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இது நம்ம செம்பருத்திக்கு ஒட்டு உறவுல்லா மக்ளே?"

சரியாகச் சொன்னாள். செம்பருத்தி, வெண்டை, பருத்தி, பூவரசு, ஹாலிஹாக் எல்லாம் ஒரே குடும்பம். உறவு என்பதை நிரூபிக்கிற மாதிரி, வெண்டைச் செடியில் இருந்த சிவப்புப் பூச்சிக் கூட்டம் அடுத்த வாரமே இங்கே குடிமாறியது. இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் துரு நோயும் வந்தது. கீழ் இலைகளைக் கிள்ளிக் கிள்ளி ஒப்பேற்றினேன். விதைக் காயைப் பிரித்துப் பார்த்தால் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஒரு சக்கரமாக அடுக்கியிருக்கும். அதை மட்டும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை திறக்க நேரமாகிவிட்டது.

ஸ்வீட் வில்லியமும் ஷாஸ்டா டெய்சியும் பச்சை மெத்தைகள். பதினெட்டு மாதம் ஆகியும் ஒரு மொட்டு இல்லை. ஃபாக்ஸ்குளோவ் ஆறு தொட்டியில், ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலத்துக்கு விரிந்து, நடுவிலிருந்து புதுப்புது இலையாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. பூ மட்டும் கிடையாது. காரணம் லேசானது. இந்தச் செடிகளுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது, குளிர்தான் அதற்குச் சாவி. பத்து டிகிரிக்குக் கீழே பல வாரம் இருந்தால்தான் 'குளிர்காலம் போய்விட்டது, இனிப் பூக்கலாம்' என்று செடிக்குத் தெரியும். எங்கள் ஊரில் மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு இறங்கினாலே ஆட்கள் மஃப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருவார்கள். அந்தச் செடி இங்கே ஆயுள் முழுக்க முதல் வருடத்திலேயே நிற்கும். குளிர் இல்லாமலே முதல் வருடத்தில் பூக்கிற ஃபாக்ஸ்குளோவ் ரகங்கள் உண்டு, 'ஃபாக்ஸி', 'கேமலாட்', 'டால்மேஷன்' என்று. பாக்கெட்டில் ரகத்தின் பெயர் இருந்திருந்தால் வாங்குமுன் தெரிந்திருக்கும். இதைத்தான் விற்கிறவன் சொல்லியிருக்க வேண்டும். பின்கோடு 629-ல் ஆரம்பிக்கிற ஆளுக்குப் பார்சல் கட்டும்போது அவனுக்கு இது தெரியாதா?

பூக்காவிட்டால் போகட்டும், இலைச்செடி என்று வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் இருந்தேன். 2024 வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த எண்ணம் போனது.

குளித்துவிட்டு அடுக்களைக்கு வந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முறம். உள்ளி அரிந்து வைத்திருந்தாள், சீரகம் எடுத்து வைத்திருந்தாள். முறத்தில் ஒரு கைப்பிடி இலை. மேலே சுருக்கம், அடியில் சாம்பல் நிறத்தில் பூனைமுடிபோல ரோமம், காம்பின் இரு பக்கமும் இலை இறங்கி வந்திருந்தது.

"இது எங்கேருந்தும்மா?"

"முற்றத்துல நிக்கதுதான். நீ வெள்ளம் ஊத்தி ஊத்தி வளத்துட்டு ஒரு நாளாவது பறிச்சியா? முத்திப் போவுதேன்னு நாலு எல நுள்ளினேன். துவரன் வச்சா கொள்ளாம்லா?"

கை நடுங்கியது என்று எழுதினால் மிகை இல்லை. ஃபாக்ஸ்குளோவுக்கு இன்னொரு பெயர் டிஜிட்டாலிஸ். டி.ஃபார்ம் படிக்கையில் அந்த இலையின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து மார்க் வாங்கியவன் நான். நெஞ்சுக்குக் கொடுக்கிற டிகாக்சின் மாத்திரை இதே குடும்பத்து வேறொரு செடியின் இலையிலிருந்து எடுப்பது. 1785-லேயே வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த முற்றத்துச் செடியின் இலையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிவைத்தார். அளவு கொஞ்சம் கூடினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து. என் கடையில் அந்த மாத்திரை 0.25 மில்லிகிராம். ஒரு மில்லிகிராமில் கால். அதிலும் பாதி, அதிலும் வாரத்தில் ஐந்து நாள் மட்டும், இரண்டு நாள் விடுப்பு என்று டாக்டர்கள் எழுதுவார்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் அவ்வளவு குறுகலான வரப்பு. ஒரு கைப்பிடி இலையில் எவ்வளவு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேகவைத்தாலும் போகாது. வாந்தி வரும், பார்வை மஞ்சளாகும், நாடி இறங்கும், அப்புறம் நெஞ்சு தாளம் தவறும்.

இதில் என் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. நாற்று பெரிதானபோதே இது டிஜிட்டாலிஸ்தானே என்று எனக்குச் சந்தேகம் வந்து, படம் ஒப்பிட்டுப் பார்த்து உறுதிசெய்துவிட்டேன். வீட்டுக்காரியிடம் சொன்னேன். மகளிடம் சொன்னேன், கையை வாயில் வைக்காதே என்று. அம்மாவிடம் சொல்லவில்லை. எழுபத்தி நாலு வயதில் அவள் போய் அதைத் தொடுவாளா என்று நினைத்துவிட்டேன். முளைத்து நிற்பதில் எது கீரை, எது கீரை இல்லை என்று ஒரு காலத்தில் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள் என்பது அந்த நேரம் மறந்துபோயிற்று.

முறத்தைத் தூக்கிக் குழி தோண்டிப் புதைத்தேன். அம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் என்னைத்தான் பார்த்தாள். "வெசத்தையா லே மொற வச்சு நனச்ச?" தொட்டி ஆறும் அன்றைக்கே மட்டுப்பாவுக்கு ஏறின. கடையிலிருந்து அட்டைப்பெட்டி கொண்டுவந்து வெட்டி, சிவப்பு மையில் 'விஷம், தொடாதே' என்று எழுதி ஒவ்வொன்றிலும் கட்டினேன். என் கடையில் அந்த மாத்திரைப் பட்டையில் சிவப்புக் கோடு உண்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுத்தால் என் லைசென்ஸ் போகும். அதன் பங்காளிச் செடி, பூவுக்கு நடுவில் ஒரு குழந்தை சிரிக்கிற படத்தோடு, என் வாசலுக்குக் கூரியரில் வருகிறது.

அன்று சாயங்காலம் கம்பெனியின் வாட்ஸாப் எண்ணுக்கு எழுதினேன். கோபமில்லாமல், பாயிண்ட் பாயிண்டாக. தாவரவியல் பெயர் போடுங்கள், ரகம் போடுங்கள், சமவெளியில் பூக்காதவற்றைச் சொல்லுங்கள், முக்கியமாக ஃபாக்ஸ்குளோவிலும் டெல்ஃபினியத்திலும் லூபினிலும் விஷம் என்று அச்சடியுங்கள். மறுநாள் பதில் வந்தது. 'அன்புள்ள வாடிக்கையாளரே, செடி பூக்கத் தொழு உரம் இடவும், ஆறு மணி நேரச் சூரிய ஒளி தரவும்.' நான் திரும்பவும் விளக்கினேன். 'சிரமத்துக்கு வருந்துகிறோம், அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதத் தள்ளுபடி' என்று ஒரு கூப்பன் வந்தது. ஒன்று மட்டும் பாராட்ட வேண்டும், பதில் சீக்கிரம் வருகிறது.

அன்பளிப்பாக வந்த நித்தியகல்யாணியைப் பற்றி எழுதாவிட்டால் பாவம். பன்னிரண்டையும் தோற்கடித்தது அதுதான். விதைத்த மூன்றாம் மாதம் பூக்க ஆரம்பித்தது, இன்றைக்கு வரைக்கும் ஒரு நாள் பூவில்லாமல் நின்றதில்லை. டிசம்பர் மழையில் நின்றது, மாசி வெயிலில் நின்றது. வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்தது, இளஞ்சிவப்பு, கத்தரிப்பூ நிறம் என்று மூன்று நிறம். சட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இதுவும் தின்னக்கூடாத செடிதான். இரத்தப் புற்றுநோய்க்குப் போடுகிற வின்கிரிஸ்டின் ஊசி இதிலிருந்து வருவது. ஆனால் இதை எங்கள் ஊரில் யாரும் கீரை என்று நினைக்க மாட்டார்கள். சவம்நாறி என்றொரு பெயரும் இதற்கு உண்டு, அதனால் அம்மாவுக்கு வாசலில் வைக்க இஷ்டமில்லை. பின்பக்கம் கிணற்றடியில் வைத்தோம்.

அம்மாவின் மொத்த மதிப்புரை ஒரே கேள்வி: "கோர்க்க ஒக்குமா?" ஒக்காது. பதின்மூன்றில் ஒன்றுகூட நாரில் கோர்த்துத் தலையில் வைக்கவோ, குமாரகோவிலுக்குக் கொண்டுபோகவோ ஆகாது. பிச்சிக்கும் கொழுந்துக்கும் பழகின கைக்கு இதெல்லாம் வெறும் நிறம். அவளுக்காகக் கனகாம்பரம் விதை தனியாக வாங்கிப் போட்டேன். அதுவும் பல்லாண்டுச் செடிதான். காய் காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் டப்பென்று வெடித்து விதை தெறிக்கும். சின்ன வயதில் எச்சில் தொட்டு விளையாடியது இப்போது மகளுக்கு வேலை.

இனி வாங்க நினைக்கிறவர்களுக்கு. கலவைப் பெட்டி வாங்காதீர்கள். ருட்பெக்கியா, கெயிலார்டியா, வேண்டுமானால் ஹாலிஹாக், இந்த மூன்றும் தனிப் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. தேதி அச்சடித்த பாக்கெட்டாகப் பார்த்து எடுங்கள். நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் விவசாய மருந்துக் கடைகளில் கேட்டால் விதையை எந்த மாதம் போடலாம் என்று அவர்களே சொல்வார்கள், நம்ம மழை தெரிந்தவர்கள். விதை மிச்சமிருந்தால் ஈரம் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். பல்லாண்டுப் பூதான் வேண்டும் என்றால் சங்குப்பூவும் அந்திமந்தாரையும் பக்கத்து வீட்டிலேயே காசில்லாமல் கிடைக்கும். சங்குப்பூ விதையை ஓரத்தில் லேசாக உரசி, ஓர் இரவு ஊறப்போட்டால் ஒரு வாரத்தில் முளை. அந்திமந்தாரை கிழங்கு வைத்துவிடும், பிடுங்கி எறிந்தாலும் அடுத்த மழைக்கு வரும்.

நட்சத்திரம் கேட்டால்: விதைத் தரத்துக்கு மூன்று. தேர்வுக்கு ஒன்று. பாக்கெட்டில் எழுதியதற்கு, எழுதாததற்கும் சேர்த்து, ஒன்றுமில்லை. நித்தியகல்யாணிக்கு ஐந்து, ஆனால் அது விற்பனைக்கு இல்லை.

ஃபாக்ஸ்குளோவ் என்ன ஆயிற்று என்றால், ஐந்தைக் கையுறை போட்டுப் பிடுங்கிவிட்டேன். ஒன்றை விட்டுவைத்தேன், பதினாலு மாதம் வளர்த்த செடியாயிற்றே. கடைக்கு வருகிற மருந்துக் கம்பெனி ரெப் ஒருத்தருக்கு அக்கா வீடு கொடைக்கானலில். 2024 ஐப்பசியில் அவர் லீவில் போகும்போது, விவரமெல்லாம் சொல்லி, அட்டையோடு சேர்த்துத் தொட்டியைக் கொடுத்தனுப்பினேன். போன மாதம் படம் அனுப்பியிருந்தார். ஆள் உயரத் தண்டு, ஒரு பக்கமாகத் தொங்குகிற ஊதாக் குழல்கள், ஒவ்வொரு குழலுக்குள்ளும் வெள்ளை வளையத்துக்குள் கறுப்புப் புள்ளி. என் சிவப்பு மை அட்டை இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "கொள்ளாமே," என்றாள்.

அதே வாரம் விதைக் கம்பெனியிலிருந்தும் ஒரு மெசேஜ். 'உங்கள் தோட்டம் எப்படி இருக்கிறது? புதிய குளிர்காலப் பூ விதைத் தொகுப்பு, 20 சதவீதத் தள்ளுபடி.' ஃபாக்ஸ்குளோவ் பாக்கெட்டில் விஷம் என்று இப்போது அச்சடிக்கிறீர்களா என்று கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்து பதினேழு நாள் ஆகிறது.